பதினேழாம் நூற்றாண்டுக் கடற்போர்ப் பதக்கங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அருங்காட்சியகத்தில் ஒரு தங்கத் தகட்டைப் பார்க்கிறோம். ஒரு பக்கம் நங்கூரம், மறுபக்கம் எரியும் கப்பல்கள், சுற்றிலும் லத்தீன் எழுத்து. கீழே உள்ள அட்டையில் இரண்டு வரிதான் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். இங்கிலாந்தும் டச்சு நாடும் 1652 முதல் 1674 வரை மூன்று முறை கடலில் மோதிக்கொண்டன. பெரும்பாலான பதில்கள் அந்தப் போர்களைச் சுற்றியே வரும். பிரான்ஸ் கொஞ்சம் பிற்பாடு வரும்.

அந்தக் காலத்தில் பதக்கத்தைச் சட்டையில் குத்திக்கொண்டார்களா?

இல்லை. ரிப்பனில் தொங்கி, மார்பில் வரிசையாக நிற்கும் பதக்கம் பிற்காலத்து வழக்கம். அன்று கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டு, அதில் பதக்கத்தைத் தொங்கவிட்டார்கள். பல சமயம் சங்கிலிதான் பெரிய பரிசு, பதக்கம் அதோடு சேர்ந்து வந்த முத்திரை. நாடாளுமன்றத் தீர்மானங்களிலும் சங்கிலியின் விலையைத்தான் எழுதினார்கள், பதக்கத்தின் அழகை அல்ல. கடற்படைக்கென்று சீருடைகூட இல்லாத காலம் அது. ஆகவே விருந்து, ஊர்வலம், ஓவியருக்கு முன்னால் உட்காருவது போன்ற சமயங்களில்தான் இதை அணிந்தார்கள். மற்ற நாட்களில் வீட்டுப் பெட்டியில் இருந்தது. பணமுடை வந்தால் அடகுக்கும் போயிருக்கும், உருக்கப்பட்டும் இருக்கும். இன்று மிஞ்சியிருப்பவை குறைவாக இருப்பதற்கு அதுவே பெரிய காரணம்.

கடற்படைக்குப் பதக்கம் கொடுக்கும் பழக்கத்தை யார் தொடங்கினார்கள்?

அரசர்கள் தமக்குப் பிடித்தவர்களுக்குத் தம் உருவம் பொறித்த பதக்கம் தருவது பழைய வழக்கம். அரசு ஒரு நிதியை ஒதுக்கி, கடல் சேவைக்கென்றே பதக்கம் கொடுப்பது அதிலிருந்து வேறுபட்டது. இங்கிலாந்தில் அதற்கு வழி போட்டது அரசனை வெட்டிய நாடாளுமன்றம். 1649 ஜனவரியில் முதலாம் சார்லஸின் தலை விழுந்தது. அதே ஆண்டில், பிடிபட்ட எதிரிக் கப்பல்களின் விலையில் முன்பு கடற்படைத் தலைவருக்குப் போய்க்கொண்டிருந்த பத்தில் ஒரு பங்கை நாடாளுமன்றம் தன் கைக்குக் கொண்டுவந்தது. பதக்கம், வெகுமதி, காயம்பட்டோருக்கான உதவி ஆகியவற்றுக்கு அந்தப் பணத்தைத் திருப்பிவிட்டது.

1649 பதக்கம் சிறியது, முட்டை வடிவம். முன்பக்கம் ஒரு நங்கூரம். அதிலிருந்து இரண்டு கேடயங்கள் தொங்கும்: ஒன்றில் இங்கிலாந்தின் புனித ஜார்ஜ் சிலுவை, மற்றதில் அயர்லாந்தின் யாழ். மேலே 'மெருயிஸ்தி' என்ற ஒற்றை லத்தீன் சொல், 'நீ இதற்குத் தகுதி பெற்றாய்' என்று பொருள். பின்பக்கம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். அரசன் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கூட்டம்! யார் கையில் அதிகாரம் என்பதை மாலுமிக்குச் சொல்ல இதைவிடச் சுருக்கமான வழி இல்லை.

எல்லோரும் பேசும் 1653 பதக்கம் எது? அதில் என்ன விசேஷம்?

முதல் ஆங்கில-டச்சுப் போரில் 1653 ஆம் ஆண்டு மூன்று பெரிய மோதல்கள் நடந்தன: பிப்ரவரியில் போர்ட்லாண்டு, ஜூனில் கேபார்டு, ஜூலை கடைசியில் ஸ்கெவெனிங்கன். கடைசிப் போரில் டச்சுத் தளபதி மார்ட்டென் டிரோம்ப் துப்பாக்கிக் குண்டு பட்டு இறந்தார். அந்தச் செய்தி லண்டனுக்கு வந்ததும் ஆகஸ்டில் நாடாளுமன்றம் பரிசுகளை அறிவித்தது. ஆங்கிலக் கடற்படையின் தலைமைத் தளபதிகளான ராபர்ட் பிளேக், ஜார்ஜ் மங்க் இருவருக்கும் தலா 300 பவுண்டு மதிப்புள்ள தங்கச் சங்கிலி. துணைத் தளபதி வில்லியம் பென்னுக்கும் அடுத்த நிலையில் இருந்த ஜான் லாசனுக்கும் தலா 100 பவுண்டு. அவர்களுக்குக் கீழே தம் கப்பலில் தனிக்கொடி ஏற்றும் உரிமை பெற்ற மற்ற நால்வருக்குத் தலா 50 பவுண்டு. மற்ற அதிகாரிகளின் பதக்கங்களுக்கென்று 500 பவுண்டு தனியாக.

பதக்கத்தைச் செதுக்கியவர் தாமஸ் சைமன். முன்பக்கத்தில் அதே நங்கூரம்தான், ஆனால் கேடயங்கள் இப்போது மூன்று. இங்கிலாந்து, அயர்லாந்தோடு ஸ்காட்லாந்தின் சாய்சிலுவையும் புதிதாக வந்து உட்கார்ந்திருக்கிறது. இடைப்பட்ட நான்கு ஆண்டுகளில் நாடாளுமன்றத் தளபதி கிராம்வெல்லின் படை ஸ்காட்லாந்தைப் பிடித்துவிட்டதல்லவா, அதை நங்கூரத்தில் கட்டிவிட்டார்கள். மூன்றையும் ஒரே கப்பல் வடக்கயிறு சுற்றிப் பிணைத்திருக்கும். பின்பக்கம் கடற்போர்: அடுக்கடுக்காகக் கப்பல்கள், பீரங்கிப் புகை, முன்னால் மூழ்கிக்கொண்டிருக்கும் ஒரு கப்பல். பெரிய தளபதிகளுக்கான பதக்கத்தில் இதைச் சுற்றிப் போர்க்கருவிகளும் கடற்படைச் சின்னங்களும் நிறைந்த அகலமான விளிம்பு உண்டு. கீழ்நிலைப் பதக்கங்களில் விளிம்பு எளிமையாகும், அல்லது இல்லாமலே போகும். நடுவில் உள்ள படம் ஒன்றே, சட்டகம்தான் பதவியைச் சொல்லும்.

அந்த மாதமே நகரத்தில் ஒரு விருந்து. கிராம்வெல் தன் கையாலேயே மங்கின் கழுத்தில் சங்கிலியைப் போட்டு, சாப்பாடு முடியும்வரை கழற்றவிடாமல் வைத்திருந்தாராம். பிளேக் அங்கே இல்லை. போர்ட்லாண்டில் தொடையில் பட்ட காயமும் பின்னால் வந்த நோயும் அவரைப் படுக்கவைத்திருந்தன. ஸ்கெவெனிங்கன் போரிலேயே அவர் கலந்துகொள்ளவில்லை. இருந்தும் மங்குக்குச் சமமான சங்கிலி அவருக்குக் கிடைத்தது. ஒரு நாள் வெற்றிக்காக மட்டும் தந்த பரிசு அல்ல இது என்பதற்கு அதுவே சாட்சி.

300 பவுண்டு என்றால் எவ்வளவு?

நம்மூர் எட்டு கிராம் பவுனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இது ஆங்கிலேயப் பணம். இன்றைய ரூபாயில் மாற்றிச் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை, அந்தக் கணக்கு யார் போட்டாலும் ஒவ்வொரு விதமாக வரும். சம்பளத்தோடு ஒப்பிட்டால் தெளிவாகும். 1653 தொடக்கத்தில் சம்பள உயர்வுக்குப் பிறகு தேர்ந்த மாலுமிக்கு மாதம் 24 ஷில்லிங். ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங். அப்படியானால் பிளேக்கின் சங்கிலி ஒரு மாலுமியின் 250 மாதச் சம்பளம். கடற்படையில் மாதம் என்றால் 28 நாள், ஆண்டுக்கு 13 மாதம். அந்தக் கணக்கில் 19 ஆண்டுகளுக்கு மேல் கப்பலில் கிடந்தால்தான் ஒரு மாலுமி அவ்வளவு பணம் பார்க்க முடியும். 50 பவுண்டு சங்கிலிகூட மூன்று ஆண்டுச் சம்பளத்தைத் தாண்டும்.

சாதாரண மாலுமிகளுக்குப் பதக்கம் உண்டா?

1653இல் அவர்களுக்குப் பதக்கம் இல்லை. சம்பளமே சரியாக வந்து சேரவில்லை என்பதுதான் கசப்பான விஷயம். தளபதிகளுக்குச் சங்கிலி போட்ட இரண்டே மாதத்தில், அக்டோபரில், பாக்கிச் சம்பளமும் பிடிபட்ட கப்பல்களில் தம் பங்கும் கேட்டு மாலுமிகள் லண்டன் தெருவில் இறங்கினார்கள். அவர்களைக் கலைக்கப் படை வந்தது, ஒருவரைத் தூக்கிலிட்டார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் பளபளக்கும் தங்கத்தைப் பார்க்கும்போது இந்த அக்டோபரையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

தரைப்படை இந்த விஷயத்தில் கொஞ்சம் முன்னால் இருந்தது. 1650இல் ஸ்காட்லாந்தில் டன்பார் வெற்றிக்குப் பிறகு அதிகாரிகளோடு சிப்பாய்களுக்கும் பதக்கம் தர நாடாளுமன்றம் முடிவெடுத்தது. அதற்காகக் கிராம்வெல்லின் முகத்தை வரைந்துவர சைமன் எடின்பரோவுக்கே போனார். 'என் உருவம் வேண்டாமே' என்று கிராம்வெல் எழுதிப் பார்த்தார், பலிக்கவில்லை. கடற்படையில் சாதாரண மாலுமிகளுக்கும் பரவலாகப் போர்ப் பதக்கம் வர 1847 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போதும் பழைய போர்களில் உயிரோடு மிஞ்சியவர்கள் விண்ணப்பித்துத்தான் வாங்கினார்கள்.

'டிரையம்ப்' கப்பல் பதக்கம் என்கிறார்களே?

1653 பதக்கத்தின் ஒரு தனி வகை அது. ஸ்கெவெனிங்கன் போரின் நடுவே 'டிரையம்ப்' என்ற பெரிய ஆங்கிலப் போர்க்கப்பலில் தீ பற்றியது. மரம், தார், கித்தான் பாய், கீழே வெடிமருந்து அறை. தீ பற்றிய பாய்மரக் கப்பலில் நிற்பதற்கு யாருக்கும் மனம் வராது. பலர் கடலில் குதித்துவிட்டார்கள். மிஞ்சி நின்றவர்கள் தீயை அணைத்துக் கப்பலைக் காப்பாற்றினார்கள். அவர்களை மனதில் வைத்து, '1653 ஜூலையில் டச்சுக்காரரோடு நடந்த சண்டையில் தீப்பற்றிய டிரையம்பைக் காப்பாற்றிய சிறந்த சேவைக்காக' என்று ஆங்கிலத்திலேயே பொறித்துப் பதக்கம் கொடுத்தார்கள். லத்தீன் இல்லை, அலங்காரப் பேச்சு இல்லை. இந்த நூற்றாண்டுப் பதக்கங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். எதிரியை அழித்ததற்காக இல்லாமல், தன் கப்பலை விட்டு ஓடாததற்காகக் கொடுத்தது.

இதேபோல் என்ன செய்தார் என்பதை நேராகச் சொல்லும் இன்னொரு பதக்கம் 'அட்வென்ச்சர்' கப்பலின் கேப்டன் வில்லியம் வையார்டுக்குக் கிடைத்தது. 1650 ஜூலை 31, ஆகஸ்ட் 1 ஆகிய நாட்களில் ஆறு கப்பல்களை எதிர்த்துச் செய்த சேவைக்கு என்று அதில் இருக்கிறது.

டச்சுக்காரர்கள் தங்கள் தளபதிகளுக்கு என்ன கொடுத்தார்கள்?

அவர்கள் கை இன்னும் தாராளம். தங்கச் சங்கிலியும் பதக்கமும் அங்கேயும் வழக்கம்தான். 1628இல் கியூபாவின் மத்தான்சாஸ் விரிகுடாவில் ஸ்பெயினின் வெள்ளிக் கப்பல் தொகுதியையே மடக்கிய பீட் ஹைனுக்கு அது கிடைத்தது. ஆனால் டச்சுக்காரர்களின் மிக அழகான பரிசு பதக்கமே அல்ல, கிண்ணம்.

1667 ஜூனில் டச்சுக் கப்பல்கள் மெட்வே ஆற்றுக்குள்ளேயே நுழைந்து, நங்கூரமிட்டிருந்த ஆங்கிலக் கப்பல்களைக் கொளுத்தின. இங்கிலாந்தின் கொடிக்கப்பலான 'ராயல் சார்லஸ்' கப்பலை இழுத்துக்கொண்டே போய்விட்டார்கள். அதற்காக ஹாலந்து மாகாண மன்றம், தாக்குதலை நடத்திய மிகீல் டி ராய்டர், கார்னெலிஸ் டி விட், வான் கெண்ட் மூவருக்கும் மூடியோடு கூடிய தங்கக் கிண்ணம் கொடுத்தது. கிண்ணத்தைச் சுற்றி அந்தத் தாக்குதலையே வண்ணப் பூச்சில் தீட்டியிருக்கும். டி ராய்டரின் கிண்ணம் ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அதே தாக்குதலில் யான் வான் பிராக்கெல் என்ற கேப்டனின் கதை தனி. கட்டளையை மீறித் தன் ஆட்களைக் கரையில் கொள்ளையடிக்க விட்டார் என்று அவரைக் காவலில் வைத்திருந்தார்கள். ஆற்றின் குறுக்கே ஆங்கிலேயர் கட்டியிருந்த இரும்புச் சங்கிலியை முதலில் தாக்க நான் போகிறேன், விடுங்கள் என்று கேட்டு வெளியே வந்தார். போய், காவலுக்கு நின்ற ஒரு கப்பலையும் பிடித்தார். குற்றவாளியாகப் போனவருக்குத் தங்கச் சங்கிலி கிடைத்தது.

வேற்று நாட்டு அரசனிடமிருந்தும் வாங்கலாமா?

வாங்கினார்கள், அதைத் தவறாக யாரும் நினைக்கவில்லை. டி ராய்டர் 1659இல் ஸ்வீடன் படையிடமிருந்து நிபோர் நகரை மீட்க உதவியதற்காக டென்மார்க் அரசர் மூன்றாம் பிரடெரிக் அவருக்குப் பிரபுப் பட்டமும் தங்கச் சங்கிலியும் கொடுத்தார். 1666இல் பிரான்ஸ் டச்சுப் பக்கம் இருந்தபோது பதினான்காம் லூயி புனித மிக்கேல் அணி என்ற கௌரவ வீரர் குழுவில் அவரைச் சேர்த்தார். ஆறே ஆண்டில் அதே லூயி டச்சு நாட்டின் மீது படையெடுத்தார். 1676இல் சிசிலிக்கு அருகே பிரெஞ்சுப் பீரங்கிக் குண்டு காலில் பட்டுத்தான் டி ராய்டர் இறந்தார்.

தீக்கப்பல் கேப்டன்களுக்குத் தனிப் பதக்கம் இருந்தது உண்மையா?

உண்மை. எரிபொருள் நிரப்பிய பழைய கப்பலை எதிரிக் கப்பலோடு கோத்துவிட்டு, திரியைப் பற்றவைத்துவிட்டுப் படகில் தப்புவதுதான் தீக்கப்பல் வேலை. கொஞ்சம் சீக்கிரம் தப்பினால் தீ வீண். கொஞ்சம் தாமதித்தால் ஆள் வீண். பயத்தில் தூரத்திலேயே கொளுத்திவிட்டு வந்துவிடுவார்கள் என்பது தளபதிகளின் நிரந்தரக் கவலை. அதனால் நூற்றாண்டின் பிற்பாதியில் புழங்கிய ஆங்கிலப் போர்க் கட்டளைகளில் விலைப்பட்டியல் போலவே எழுதிவைத்தார்கள்: 40 பீரங்கிக்குக் குறையாத எதிரிப் போர்க்கப்பலை எரித்தால், கடைசிவரை தீக்கப்பலில் நின்ற ஒவ்வொருவருக்கும் 10 பவுண்டு. செத்துவிட்டால் அது வாரிசுக்கு. கேப்டனுக்குத் தங்கப் பதக்கம், அவருக்கும் அவர் சந்ததிக்கும் கௌரவ அடையாளமாக. எரிந்தது எதிரித் தளபதியின் கப்பல் என்றால் பணம் இரட்டிப்பு, பதக்கமும் அதற்கேற்பச் சிறப்பாக இருக்கும். சாதாரண மாலுமிக்குப் பணத்தை முன்கூட்டியே எழுத்தில் உறுதி செய்த இடம் இது.

அரசாட்சி திரும்பிய பிறகு என்ன மாறியது?

முகம் திரும்பி வந்தது. 1660இல் இரண்டாம் சார்லஸ் அரியணை ஏறினார். 1665 பதக்கத்தில் ஒரு பக்கம் அவர் தலை. மறுபக்கம் அவரே ரோமானிய உடையில் கரையில் நின்று கடற்போரைப் பார்க்கிறார். 'இத்தகைய துணிவுகளுக்காக' என்று லத்தீனில் வாசகம். துணிந்தவர்கள் தூரத்தில் பொடிப் பொடியாகத் தெரிகிறார்கள், வேடிக்கை பார்ப்பவர்தான் பெரிதாக நிற்கிறார். என்ன சொல்ல!

இதைச் செதுக்கியவர் ஜான் ரோட்டியர்ஸ். சைமன் ஓரங்கட்டப்பட்டிருந்தார். தன் திறமையைக் காட்ட 1663இல் கிரௌன் என்ற வெள்ளி நாணயம் ஒன்றைச் செய்து, அதன் விளிம்பிலேயே அரசருக்கு மனுவைப் பொடி எழுத்தில் பொறித்தார். என் வேலையையும் போட்டியாளரின் வேலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள் என்பதுதான் மனு. நாணயவியல் ஆர்வலர்கள் இன்றும் அதைக் கண்டு வியக்கிறார்கள், ஆனால் வேலை கிடைக்கவில்லை. 1665இல் லண்டன் கொள்ளைநோயின்போது அவர் இறந்துபோனார்.

அதே 1665இல், டச்சுக்காரரைத் தோற்கடித்த லோஸ்டாஃப்ட் கடற்போர் வெற்றிக்குப் பிறகு, அரசரின் தம்பியான யார்க் கோமகன் ஜேம்ஸ் வேறு வழியிலும் கௌரவித்தார். தன்னோடு நின்ற தளபதிகளைப் பீட்டர் லீலியிடம் அனுப்பி ஓவியம் வரையச் செய்தார். மொத்தம் 13 ஓவியங்கள்.

பிரான்ஸில் பதக்கம் இல்லையா?

பதினான்காம் லூயி பதக்கங்களை வெளியிட்டுத் தள்ளினார், ஆனால் பெரும்பாலானவை அவர் புகழ் பாடுபவை. அதிகாரிகளுக்கு உண்மையில் பயன்பட்டது 1693இல் அவர் தொடங்கிய புனித லூயி அணி. தரைப்படைக்கும் கடற்படைக்கும் பொது, பிறப்பைப் பார்க்காமல் சேவையைப் பார்த்தது, மேல்நிலைகளில் ஓய்வூதியமும் உண்டு. கத்தோலிக்கராக இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. மறு ஆண்டே, கடலோடிக் குடும்பத்தில் பிறந்த ஜான் பார், டச்சுக்காரர் மடக்கியிருந்த தானியக் கப்பல்களை டெக்செல் அருகே மீட்டார். பஞ்சத்தில் இருந்த பிரான்ஸுக்கு அது சோறு. அவருக்குப் பிரபுப் பட்டம் கிடைத்தது.

கடற்படையில் இல்லாதவர்கள் வாங்கியதுண்டா?

உண்டு, அதுவும் சுவையான கதைகள். இங்கிலாந்தின் தென்கரையில் பூல் என்று ஒரு துறைமுக ஊர். பீட்டர் ஜாலிஃப் என்பவர் அங்கே ஒரு சிறு கப்பல் வைத்திருந்தார். வேமத் ஊர்க் கப்பல் ஒன்றைப் பிடித்துக்கொண்டு போன பிரெஞ்சுத் தனியார் போர்க்கப்பலை 1694இல் அவர் துரத்தி, பிடிபட்டதை மீட்டதோடு துரத்தப்பட்டதையும் லல்வர்த் அருகே கரையில் மோதவிட்டார். நடந்த இத்தனையும் அவர் பதக்கத்திலேயே எழுதியிருக்கிறது. அடுத்த ஆண்டு அதே ஊர் வில்லியம் தாம்ப்சன், மீன்பிடிப் படகில் துணைக்கு ஒரு ஆளும் ஒரு பையனும் மட்டும் இருக்க, ஒரு பிரெஞ்சுக் கப்பலையே சரணடைய வைத்தார். அவருக்கும் சங்கிலியும் பதக்கமும்.

தேதிகள் ஏன் பத்து நாள் முன்னும் பின்னுமாக இருக்கின்றன?

இங்கிலாந்து அப்போது பழைய ஜூலியன் நாட்காட்டியில் இருந்தது, ஹாலந்து புதியதற்கு மாறிவிட்டது. ஸ்கெவெனிங்கன் போர் ஆங்கிலக் கணக்கில் ஜூலை 31, டச்சுக் கணக்கில் ஆகஸ்ட் 10. பதக்கத்தில் இருப்பது அதை அடித்த நாட்டின் தேதி.

இந்தக் காலத்துக் கடற்பதக்கம் எல்லாமே விருதுதானா?

இல்லை, இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். பல நினைவுப் பதக்கங்கள், காசு கொடுத்து யாரும் வாங்கக்கூடியவை. டிரோம்ப், கோர்ட்டெனார், டி ராய்டர் ஆகிய டச்சுத் தளபதிகளின் பெயரில் வவுட்டர் முல்லர் செய்த வெள்ளிப் பதக்கங்கள் அந்த வகை. இரண்டு மெல்லிய தகடுகளில் உருவத்தைப் புடைக்க வைத்து, விளிம்பில் பொருத்தியிருப்பார். கையில் எடுத்தால் அளவுக்கு எடை இருக்காது, உள்ளே வெற்றிடம். 1692இல் பிரெஞ்சுக் கடற்படையைத் தோற்கடித்த லா ஓக் வெற்றிக்கான பதக்கத்தில் எரியும் பிரெஞ்சுக் கொடிக்கப்பலும் 'இரவு தொடரவே இல்லை' என்ற லத்தீன் வாசகமும் இருக்கும். அந்த வெற்றிக்கு அரசி மேரி மாலுமிகளுக்கு 30,000 பவுண்டும் அதிகாரிகளுக்குத் தங்கப் பதக்கமும் அறிவித்தார்.

விற்பனைக்கு வருவதில் நகல்களும் நிறைய. 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்காக ராபர்ட் ரெடி மின்முலாம் முறையில் நகல்கள் செய்தார். அவற்றின் விளிம்பில் அவருடைய பெயரெழுத்து முத்திரை இருக்கும். விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடு தெரிந்தாலும் சந்தேகப்படலாம்.

பிளேக்கின் பதக்கம் இப்போது எங்கே?

பிரிட்டிஷ் அரச குடும்பச் சேகரிப்பில். கடற்படையில் வளர்ந்த நான்காம் வில்லியம் அதை விலைக்கு வாங்கினார். அரசனை ஒழித்த ஆட்சி கொடுத்த பதக்கம், அரசர் வீட்டுக்கே போய்ச் சேர்ந்தது. பிளேக்கின் உடலுக்கு அந்த மரியாதை இல்லை. 1657இல் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்தவரை, அரசாட்சி திரும்பியதும் 1661இல் தோண்டியெடுத்துப் பக்கத்துத் தேவாலய வளாகத்தில் பொதுக் குழியில் போட்டார்கள். அவரோடு 300, 100 பவுண்டு சங்கிலி வாங்கிய மற்ற மூவரும் அரசர் பக்கம் வந்துவிட்டவர்கள். மங்க் அல்பமார்ல் கோமகன் ஆனார், பென்னுக்கும் லாசனுக்கும் சர் பட்டம். லாசன் 1665இல் லோஸ்டாஃப்டில் பட்ட காயத்தால் இறந்தார், இந்த முறை அரசருக்காக. பென்னின் பதக்கத்தையும் சங்கிலியையும் பார்க்க வேண்டுமானால் கிரீனிச்சில் உள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்துக்குப் போகலாம்.